உயரத் தூக்கிய பந்து

நம் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் தொங்குகிறது. அதில் தேதியெல்லாம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. படத்துக்காகத்தான் கழற்றாமல் வைத்திருக்கிறேன். எங்கள் கம்பெனி வாலிபால் டீம் கோப்பையோடு நிற்கிற படம் அது. போன வாரம் அதன் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மூத்தவள், நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அப்பா, எல்லாரும் கேமராவைப் பாத்துச் சிரிக்காங்க. பெரியப்பா வாய்விட்டே சிரிக்காங்க. நீங்க மட்டும் ஏன் பந்தைப் பாத்துக்கிட்டு நிக்கீங்க?”

வெயில் கண்ணில் அடித்தது என்று சொன்னேன். சின்னவன் எழுந்து போய்ப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “நெழல்லதானப்பா நிக்கீங்க” என்றான். உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

நிழலில்தான் நின்றேன். உங்களிடம் பொய் சொன்னேன். அதே படத்தில் நிற்பவரிடமும் அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர் என் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் முதலாளிக்குச் சிவகாசியில் அச்சகம், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை. நான் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறேன். அவர் பட்டாசு ஆலையில் போர்மேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அதனால் உங்களுக்குப் பெரியப்பா.

முதலாளிக்கு வாலிபால் என்றால் உயிர். அச்சகத்துப் பேப்பர் கிடங்குக்குப் பின்னால் மண்ணைக் கெட்டிப்படுத்தி, கம்பு நட்டு, வலை கட்டிக் கொடுத்திருந்தார். சாயங்காலம் ஆலை வேன் வந்து நின்றதும் அண்ணன் இறங்குவார். எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவர் விரல் இடுக்கில் அலுமினியப் பவுடர் மிச்சம் இருக்கும். அவர் அடித்த பந்தில் வெள்ளியாய் ஒரு கைத்தடம் விழும். ஆட்டம் முடிந்து பந்தை எடுத்துப் பார்த்தால் தடம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் இருக்கும். அப்படி அடிப்பவர்.

அவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன் நான். வாலிபாலில் எதிராளி பந்து வந்ததும் ஒருவர் எடுப்பார், ஒருவர் வலைக்குப் பக்கத்தில் தூக்கிக் கொடுப்பார், ஒருவர் ஓடி வந்து எம்பி அடிப்பார். கைதட்டு முழுக்க அடிக்கிறவருக்கு. தூக்கிக் கொடுக்கிறவன் தப்புச் செய்தால்தான் அவன் ஒருவன் இருப்பதே ஜனங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதிலிருந்து பத்து வருடம் தூக்கினேன். அடிக்க எனக்கும் ஆசைதான். யாரிடமும் சொன்னதில்லை.

காலண்டர் விஷயத்தையும் சொல்லவேண்டும். நம் ஊரில் ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் அடுத்த வருடக் காலண்டரின் மாதிரி ஆல்பம் வெளியாகும். பூஜை போட்டு, ஏஜெண்டுகளுக்குக் கொடுத்து, அதை வைத்துத்தான் ஆர்டர் பிடிப்பார்கள். எங்கள் கம்பெனி ஆல்பத்தில் கடைசித் தாள் விற்பனைக்கு இல்லை. அதில் வாலிபால் டீம் படம் இருக்கும். தொழிலாளர் வீடு, ஏஜெண்டு கடை, டீக்கடை எல்லாவற்றுக்கும் சும்மா கொடுப்பது. ஆனி மாதத்தில் படம் எடுப்பார்கள். டீமில் பிரதானமாக அடிக்கிறவர் நடுவில் பந்தோடு நிற்கவேண்டும் என்பது முதலாளி வைத்த வழக்கம். வருடா வருடம் அண்ணன்தான் நடுவில். நான் ஓரத்தில். ஒரு வருடம் என் காதுக்குப் பக்கத்தில் ஆணி ஓட்டை வந்துவிட்டது.

பிறகு அண்ணனுக்கு முட்டி போனது. எம்பி அடித்து இறங்கும்போது கால் பிரண்டு, உள்ளே ஜவ்வு கிழிந்து, மதுரையில் ஆபரேஷன். ஒரு வருடம் கழித்து மெதுவாக ஓட ஆரம்பித்த சமயம், வெம்பக்கோட்டை ரோட்டில் வண்டி சறுக்கி வலது தோள் இறங்கியது. “இனி அவன் கதை முடிஞ்சதுலே” என்று எங்கள் பி.டி. சாரே சொன்னார். சார் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலாளி கேட்டதால் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேரே விசிலோடு வருவார்.

அண்ணன் இல்லாத இரண்டரை வருடம் சார் என்னை அடிக்க விட்டார். பைண்டிங் செக்சனில் இருந்த ஒருவர் எனக்குத் தூக்கிக் கொடுத்தார். நான் நன்றாகவே அடித்தேன். அண்ணன் மாதிரி இல்லை, ஆனால் நன்றாக. இரண்டு ஆடிக்கு நான்தான் காலண்டரின் நடுவில். உங்கள் ஆலங்குளத்துத் தாத்தா சிமெண்டு ஆலையில் வேலை பார்த்தவர், யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். அவர் அந்தக் காலண்டரை வாசலுக்கு நேராக மாட்டி, வந்தவரிடமெல்லாம், “நடுவுல நிக்கது நம்ம மருமகன்” என்று சொன்னாராம். உங்கள் அம்மா வந்து சொன்னாள். எனக்கு இரண்டு நாள் சோறு இனித்தது.

தை மாதம் ஒரு சாயங்காலம் ஆலை வேன் வந்து நின்றது. முட்டியில் கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு அண்ணன் இறங்கினார்.

“சும்மா பாக்க வந்தேம்லே” என்றார்.

பார்க்க வந்தவர் ஷூ போட்டுக்கொண்டு ஏன் வந்தார்? அரைமணி நேரம் ஓரமாய் உட்கார்ந்திருந்தார். பிறகு, “ஒரு கை பாக்கேன் சார்” என்று எழுந்தார். நாற்பத்திமூன்று வயது. எம்பினால் தரைக்கும் காலுக்கும் இடையே ஒரு பேப்பர் கட்டு வைக்கலாம், அவ்வளவுதான். பத்துப் பந்தில் ஏழு வலையில் மோதியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாயால், “விடுங்கண்ணே, பழகப் பழக வந்துரும்” என்றேன்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீ பழையபடி தூக்குலே.”

“அப்ப அடிக்கது?”

“அவன் அடிக்கட்டும். பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர்ல மேட்ச் இருக்குல்லா, அதுவரைக்கும் பாப்போம். தேறலைன்னா நீயே அடி. ஆனியில போட்டோவுக்கும் நீயே நடுவுல நில்லு. அவனுக்குத் தூக்க ஒன்ன விட்டா ஆளு கெடையாது. அவன் கையி ஒனக்குத்தான் தெரியும்.”

சரி சார் என்றேன். வேறென்ன சொல்ல? அவர் தேறக்கூடாது. அந்த ஒரு நினைப்போடுதான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன். மூத்தவளே, நீ அப்போது நாலாம் வகுப்பு, ஓவியப் போட்டியில் பரிசு வாங்கி வந்து காட்டினாய். நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

இனி எழுதப்போவதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணனுக்குப் பிடித்த பந்து எதுவென்று எனக்குத் தெரியும். வலைக்கு மேலே நல்ல உயரம், வலையிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி. பந்து மேலே போய் நின்று, இறங்கும்போது அவர் ஏறி வருவார். பத்து வருடம் அதைத்தான் கொடுத்தேன். இப்போது ஒரு முழம் குறைத்தேன். யாருக்கும் தெரியாது. சாருக்கே தெரியவில்லை. பழக்கம் விட்டுப்போனதால் எனக்குக் கை சரியாக வரவில்லை என்று நினைத்திருப்பார். பந்து தாழ்வாக, வேகமாக வரும். அண்ணன் ஓடி வருவதற்குள் கீழே இறங்கிவிடும். வலையில் அடிப்பார். இல்லாவிட்டால் காற்றில் கை வீசுவார்.

“இன்னொண்ணு குடு தம்பி” என்பார்.

கொடுப்பேன், அதே தாழ்வாக.

சுற்றி உட்கார்ந்து பார்க்கிற லோடு ஏற்றுகிறவர்கள் கேலி செய்வார்கள். “அண்ணாச்சி, வலை கிளிஞ்சிரப் போவுது. மீன் பிடிக்கதுன்னா வெம்பக்கோட்டை டேமுக்குப் போங்க.” அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். நான் போய் அவர் தோளைத் தொட்டு, “ஒடம்பப் பாத்துக்கோங்கண்ணே. இம்புட்டுச் செரமப்படணுமா” என்பேன். அந்த வார்த்தை எவ்வளவு இனிப்பாக என் வாயிலிருந்து வந்தது என்பது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். அன்றைக்கும் தாழத்தான் தூக்கினேன். பந்து என் விரலை விட்டுப் போனபோது அண்ணன் ஏற்கெனவே காற்றில் இருந்தார். ஓடி வரவில்லை. ஒன்றரை எட்டுத்தான் எடுத்து வைத்தார். பந்து வலைக்கு மேல் வந்ததும் மணிக்கட்டால் ஒரு வெட்டு. எதிர்ப் பக்கம் தடுக்க நின்றவர்கள் கையைத் தூக்கவே இல்லை. பந்து மண்ணில் குத்திக் கிடங்குத் தகரத்தில் போய் அடித்தது.

சார் வாயிலிருந்த விசில் அப்படியே தொங்கியது.

“இன்னொண்ணு குடு” என்றார் அண்ணன்.

கொடுத்தேன். அதே அடி. அடுத்ததும். பந்தை எடுத்து வந்தவர் என் கையில் கொடுத்தார். வெள்ளித் தடம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தது.

அன்றைக்கு ஆட்டம் முடிந்து டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது அண்ணன் என் முதுகில் கை வைத்துச் சொன்னார்: “எல்லாரும் என்னயச் சொல்லுதீக. இவனச் சொல்லுங்க. எம் முட்டி அறிஞ்சு தூக்குதான். பழையபடி ஒசரமா தூக்கியிருந்தா நான் அம்புட்டு ஒசரம் எங்கன ஏறப் போறேன்? தோளும் தாங்காது. ஒரு மாசமா வாயத் தொறக்காம தாழத் தாழக் குடுத்து எனக்குப் புதுசா ஒரு அடி படிச்சுக் குடுத்துட்டாம்லே.”

டீக்கடைக்காரர் எனக்கு ஒரு வடை அதிகமாக வைத்தார். அதைப் பக்கத்தில் இருந்தவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

அவர் தேறக்கூடாது என்று நான் செய்தது அவருக்கு மருந்தாகப் போய்விட்டது. அதைவிட மோசம், அவர் எனக்கு நன்றி சொல்கிறார். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அன்றைக்கு எனக்கு இருந்த பொறாமை அதற்கு முன் இருந்ததைவிடப் பெரியது. மாசி முழுக்க அவர் ஒவ்வொரு நாளும் மேலே போனார். பக்கத்து ஊர் டீம்காரர்கள் வந்து பார்த்தார்கள். முதலாளி காரை நிறுத்திவிட்டுக் கிடங்கு வாசலில் நின்று பார்த்தார். “முன்ன விட இப்பத்தான் பயமா இருக்கு, எப்ப அடிக்கான்னே தெரியல” என்று பேசிக்கொண்டார்கள். நான் மெஷினில் பேப்பரை வெட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் யாராவது வாலிபால் என்று சொன்னால் மெஷின் சத்தத்திலும் அது எனக்குக் கேட்டுவிடும்.

உங்கள் அம்மாவுக்குத்தான் தெரிந்துவிட்டது. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

“அவுக நல்லா ஆடுறாகன்னு ஊரே சொல்லுது. நீங்க ஏன் எளவு விளுந்த மாதிரி வாரீக?”

“எனக்கென்ன. நல்லாத்தான் இருக்கேன்.”

“அவுக அடிக்காம இருந்தப்பவும் ஒங்களுக்கு ஒறக்கம் இல்ல, அடிச்சா அதுக்கும் இல்ல. பேசாம அவுகளுக்கும் ஒங்களுக்கும் தனித்தனியா ஒரு பந்து வாங்கிக் குடுத்துருவோமா?”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அவள் மறுபடி ரசம் ஊற்றினாள், கேட்காமலே.

பங்குனிப் பொங்கல் வந்தது. விருதுநகரில் ஊர் முழுக்கப் பந்தலும் மைக்செட்டும். இரண்டு நாள் மேட்ச். முதல் நாள் இரண்டு ஆட்டமும் ஜெயித்தோம். மறுநாள் சாயங்காலம், வெயில் இன்னும் இறங்காத நேரம், பைனல். எதிரில் தூத்துக்குடிப் பக்கத்து டீம். எல்லோரும் உயரமான ஆட்கள். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட் பதினைந்து பாயிண்டு. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று.

அந்த இடத்தில்தான் எனக்கு அது தோன்றியது. திட்டம் போட்டு வைத்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். பந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தபோது வந்த நினைப்பு. உயரமாகத் தூக்கினால் என்ன? பத்து வருடம் தூக்கிய அதே நல்ல பந்து. பார்க்கிற ஒருவரும் குறை சொல்ல முடியாது. அவரால் அதற்கு ஏற முடியாது என்பது எங்கள் ஆட்களைத் தவிர இந்த மைதானத்தில் யாருக்கும் தெரியாது.

தூக்கினேன்.

என் வாழ்நாளில் நான் தூக்கிய பந்துகளிலேயே அழகான பந்து அதுதான். சுழலே இல்லாமல் மேலே போய் நின்றது. கூட்டத்தில் யாரோ, “ஆகா, என்னா தூக்கு” என்றார்கள். முதல்முறையாக என் தூக்கலுக்கு ஒருவர் வாய்திறந்து சொன்னார், அதையும் காதில் வாங்கினேன். அண்ணன் ஒன்றரை எட்டு வைத்துவிட்டு, பந்து இன்னும் மேலேயே இருப்பதைப் பார்த்தார். நின்றார். பிறகு பழைய ஆள் மாதிரியே இரண்டு காலையும் ஊன்றி எம்பினார். பாதியில் முட்டி விட்டுவிட்டது. கை பந்தின் அடியில் பட்டு, பந்து வலையில் விழுந்தது. அவர் மண்ணில் விழுந்தார்.

பதின்மூன்றுக்குப் பதினான்கு. இன்னொரு பாயிண்டு விட்டால் தோற்போம்.

நான்தான் முதலில் ஓடினேன். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சார் வெளியிலிருந்து, “ஆள மாத்தட்டுமாலே” என்று கத்தினார். அண்ணன் வேண்டாம் என்று கை காட்டினார். என் தோளைப் பிடித்து எழுந்தார். அவர் உடம்புப் பாரம் முழுக்க என்மேல் இருந்தது.

“நல்ல பந்துதான்” என்றார் மெதுவாக. “பழைய ஞாவகத்துல தூக்கிட்ட போல.”

நான் அவர் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டேன்.

“தாழக் குடு தம்பி. இந்தக் காலு இன்னும் மூணு பந்துக்கு ஓடும்.”

மனம் திருந்தித்தான் அடுத்த பந்தைக் கொடுத்தேன் என்று உங்களுக்கு எழுத ஆசையாக இருக்கிறது. அது உண்மை இல்லை. அவர் கேட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான். தாழக் கொடுத்தேன். அடித்தார். பதினான்குக்குப் பதினான்கு. மறுபடி தாழ. அடித்தார். பதினைந்துக்குப் பதினான்கு, இரண்டு பாயிண்டு முந்தினால்தான் ஜெயிப்பு. மூன்றாவது பந்துக்கு அவர் நொண்டிக்கொண்டுதான் வந்தார். ஒரு எட்டுத்தான் வைத்தார். பந்து தடுக்க வந்தவர் கைக்குக் கீழே நுழைந்து கோட்டுக்குள் குத்தியது.

கூட்டம் உள்ளே ஓடி வந்து அவரைத் தூக்கிக்கொண்டது. முதலாளி தன் தோள் துண்டால் அவர் முகத்தைத் துடைத்தார். நான் வலைக் கம்பில் சாய்ந்து நின்றேன். அப்போதும் என் கண் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்றுதான் தேடியது. சார் பார்த்தார். பார்த்துவிட்டு, விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அவர் என்ன நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனியில் படம் எடுத்தோம், கிடங்குக் கொட்டகை நிழலில். நடுவில் அண்ணன், கையில் பைனல் பந்து. நான் வழக்கம்போல ஓரத்துக்குப் போனேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். போட்டோகிராபர் ஒவ்வொருவராகக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த இடைவெளியில், கேமராவைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அண்ணன் கேட்டார்.

“ஏலே, அன்னைக்கு அந்த ஒரு பந்த ஏன் ஒசரத் தூக்குன?”

மூன்று மாதம் கழித்துக் கேட்கிறார்.

“கை வளுக்கிருச்சுண்ணே” என்றேன்.

“ஒனக்கா?” என்றார். வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த நேரம் போட்டோகிராபர் அமுக்கிவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கமுடியாமல் பந்தைப் பார்த்தேன். அதில் அவர் கைத்தடம் இருந்தது. மூத்தவளே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான்.

அந்த வருடக் காலண்டர் முழுவதும் என் மெஷினுக்குத்தான் வந்தது. கட்டுக் கட்டாய் அடுக்கி, ஓரம் தட்டிச் சேர்த்து, வெட்டவேண்டும். ஒவ்வொரு கட்டிலும் மேல் தாளில் அவர் சிரித்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் நான் தலைகுனிந்து நிற்பேன். ஆடியிலிருந்து தீபாவளி வரை அதை வெட்டினேன். ஆலங்குளத்துக்கும் ஒன்று போனது. உங்கள் தாத்தா அதையும் மாட்டினார், ஆனால் வாசலுக்கு நேராக இல்லை.

அண்ணன் அதன்பின் இரண்டு வருடம் ஆடினார். நான் தாழவே தூக்கினேன், ஒருநாள் விடாமல். இந்த வருடம் அவர் நிறுத்திவிட்டார். இப்போது நான் அடிக்கிறேன். வருகிற ஆனியில் நடுவில் நிற்கப்போவது நான்தான். ஆனால் நேற்று ஆட்டத்தில் ஒரு பந்தை அடித்ததும் பக்கத்தில் இருந்தவர், “அண்ணாச்சி அடி மாதிரியே இருக்கு” என்றார். அதற்கும் எனக்குச் சுருக்கென்று குத்தியது. இந்தச் சனியன் என்னை விட்டு முழுசாகப் போய்விட்டது என்று நீங்கள் நம்பவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா சாப்பிட வருகிறார். அவர் வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் அவர்மேல் ஏறி விழுவீர்கள். அவர் இந்தக் காலண்டருக்கு நேரே உள்ள நாற்காலியில்தான் உட்காருவார், எப்போதும் அங்கேதான் உட்காருகிறார். சாப்பிட்டு முடிந்ததும் அம்மா உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே கூட்டிப்போவாள். அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கை வழுக்கவில்லை என்று அவரிடம் சொல்லவேண்டும்.